கல்யாண வீட்டுக் கணக்குகள்



தை மாதம் நெருங்கும்போது மும்பைத் தமிழ்ச் சபைகளின் போதகர் வீடுகளில் தொலைபேசி ஓய்வதில்லை. "ஐயா, சம்பந்தி வீட்டாரோடு கொஞ்சம் மனஸ்தாபம். நீங்கள் வந்து ஒரு வார்த்தை பேச வேண்டும்" என்பார்கள். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், கல்யாண் என்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக எத்தனையோ வீடுகளில் பாயில் உட்கார்ந்து நடுச்சாமம் வரை பேசியிருக்கிறேன். விவாகம் ஏதேனில் தேவன் தாமே ஏற்படுத்திய முதல் ஸ்தாபனம் என்று வேதாகமக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டியவர் யார் என்று கற்பிக்கவில்லை.

2025 ஜனவரியில் எங்கள் மகளின் விவாகம் நடந்தது. மற்றவர் வீட்டில் நடுவராக உட்கார்ந்து பழகிய நான், அந்த ஆறு மாதமும் நடுவில் அகப்பட்டுக்கொண்டேன். அந்த நாட்களில் கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்களில் அநேகர் இந்த ஆண்டிலோ வருகிற ஆண்டிலோ இதே வழியாய்க் கடந்துபோகப் போகிறவர்கள்.

மணமகன் வீட்டார் நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகத் தென்னிந்தியத் திருச்சபையார். மாப்பிள்ளை தாராவி லேபர் கேம்பில் பிறந்து வளர்ந்து, ஒரு வாலிபர் முகாமில் இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று, பெந்தெகொஸ்தே சபையில் ஐக்கியமானவர். எங்கள் வீட்டிலோ என் தகப்பனார்தான் முதன்முதலில் விசுவாசத்துக்குள் வந்தவர். அவருடைய அண்ணன் பிள்ளைகள் இன்றும் இந்துக்கள். ஆகவே ஒரே பந்தலின் கீழே மூன்று விதமான பழக்கமுடையவர்கள் கூடிவர வேண்டியிருந்தது. மும்பையில் நம்முடைய கல்யாணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

முதலாவது தேதி. மார்கழி ஆகாது என்றார் என் பெரியப்பா மகன். லெந்து நாட்கள் ஆகாது என்றார்கள் சம்பந்தி வீட்டார். டிசம்பர் மாதம் எனக்கே ஆகாது. கிறிஸ்துமஸ் ஆராதனைகளை விட்டுவிட்டு எந்தப் போதகர் வருவார்? ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் ஊர்க்காரர்களை அழைத்துவந்து நனைய வைக்கவும் மனமில்லை. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தபோது தைப்பொங்கலுக்கும், அவ்வாண்டு மார்ச் 5 அன்று வந்த சாம்பல் புதனுக்கும் இடையே ஏழு வாரங்கள் மீந்தன. ஜனவரி 25 சனிக்கிழமை என்று தீர்மானித்தோம். சனிக்கிழமை ஒன்பது மணி முதல் பத்தரை வரை ராகு காலம் என்று அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாங்கள் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் அல்ல. ஆயினும் கல்யாணிலிருந்தும் வசாயிலிருந்தும் லோக்கல் ரயில் பிடித்து ஜனங்கள் வந்து சேர எப்படியும் பதினொரு மணி ஆகிவிடும். பதினொரு மணி என்றே அழைப்பிதழில் அச்சிட்டோம். அண்ணன் ஒரு காரணத்துக்காகச் சந்தோஷப்பட்டார், நான் வேறொரு காரணத்துக்காக. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இடம்தான் பெரிய சண்டையாயிற்று. என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. எங்கள் கிராமத்தில் தனியாக இருக்கிறார்கள். (நாங்கள் பிறந்தபோது திருநெல்வேலி மாவட்டம், 2019 முதல் தென்காசி மாவட்டம்.) கல்யாணத்தை ஊரில்தான் வைக்க வேண்டும் என்று அவர்கள் ஒரே பிடியாய் நின்றார்கள். மாப்பிள்ளையின் வேலை, எங்கள் சபை, மகளின் சிநேகிதிகள், எல்லாம் மும்பையில். செலவையும் பார்க்க வேண்டும். நம் ஜனங்களில் பலர் இங்கே ஒரு கல்யாணம், ஊரில் ஒரு வரவேற்பு என்று இரண்டு முறை சமையல்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு பல வருஷம் வட்டி கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதை என் சபையாருக்குக் கூடாது என்று சொல்லிவருகிறவன் நான். தாயாரோ தொலைபேசியில் அழுதார்கள். "பம்பாய்க்கு நான் வரலை" என்றுகூடச் சொன்னார்கள்.

செப்டம்பரில் நேரில் போனேன். ஜெபித்து, சாப்பிட்டு, பேச்சைத் தொடங்கியபோது தாயார் எழுந்து போய்த் தகரப்பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்தார்கள். அட்டை கிழிந்து நூலால் தைத்திருந்தது. அது மொய் நோட்டு. 1987-ல் 11 ரூபாய், 1994-ல் 51 ரூபாய், பிறகு 101, 501 என்று, எந்தெந்த வீட்டுக்கு எந்தெந்த விசேஷத்தில் செய்தார்கள் என்று முழுவதும் எழுதியிருந்தது. முதல் பக்கங்கள் என் தகப்பனாரின் கையெழுத்து. அவர் மறைந்த பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்திருக்கிறார்கள்.

"ஐயா, நான் ஒருத்தி வீட்டுக் கல்யாணத்தையும் விட்டதில்லை. காய்ச்சலோட நடந்து போயிருக்கேன். எங்க வீட்டு வாசலுக்கு அவங்கள்லாம் வர வேண்டாமா?"

ரூபாய்க் கணக்கு அல்ல அது என்பதை நீங்கள் அறிவீர்கள். 11 ரூபாயைத் திரும்ப வாங்கி யார் மாடி வீடு கட்டப்போகிறார்கள்? விசுவாசத்தின் நிமித்தம் ஊரார் எங்களை ஒதுக்கிவைத்திருந்த காலத்திலும் தாயார் எல்லார் வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வராத நாட்கள் அவை. என்றாவது ஒரு நாள் அத்தனை பேரும் தன் வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வருவார்கள் என்று முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்திருக்கிறார்கள். அந்த ஒரு நாளைத்தான் நான் தாதர் பக்கம் கொண்டுபோகப் பார்த்தேன்.

அதை எப்படி முடித்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த நோட்டைப் பார்த்த பிறகு, அந்த மாதங்களில் எழுந்த ஒவ்வொரு பிணக்கிலும் நான் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். வாயில் வருகிற சண்டை ஒன்று. மனதில் இருக்கிற கணக்கு வேறு. அழைப்பிதழில் பெயர் எந்த வரிசையில் வருகிறது என்று கோபித்துக்கொள்பவர், என்றோ தாம் விடப்பட்டதை நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் எழுத்தின் அளவைப்பற்றிப் பேசிப் பயனில்லை.

தாய்மாமன் விஷயம் சீக்கிரம் முடிந்தது. என் மனைவியின் தம்பி, "பிள்ளையை மணவறைக்கு நான்தான் கைப்பிடித்துக் கூட்டி வருவேன்" என்றார். சபையில் சிலர், "தகப்பன் அழைத்து வருவதல்லவா கிறிஸ்தவ முறை?" என்று கேட்டார்கள். வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன், ஒருவரும் காட்டவில்லை. வெள்ளைக்கார மிஷனரிகளின் தேசத்து வழக்கம் அது. நம் வழக்கத்தில் தாய்மாமனுக்கு இடமுண்டு. அவரே அழைத்து வந்தார், நான் முன்வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். (யாக்கோபுக்கு லாபான் தாய்மாமன் என்பதை அவரிடம் நான் நினைவூட்டவில்லை. எல்லாத் தாய்மாமனும் அப்படி அல்லவே.)

பணத்தைப்பற்றிக் கொஞ்சம் கடினமாகவே எழுத வேண்டியிருக்கிறது. சம்பந்தி வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் பெரிய அத்தை நிச்சயதார்த்தத்தன்று, "உங்கள் மகளுக்கு நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள், நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம்" என்றார்கள். அன்பானவர்களே, நம் சமுதாயத்தில் இதைவிட ஆபத்தான வாக்கியம் எனக்குத் தெரியாது. தொகை சொன்னாலாவது முடியாது என்று சொல்லலாம். இந்த வாக்கியம் பெண்ணின் தகப்பனை இரவெல்லாம் கணக்குப் போட வைக்கும். எட்டு கிராம் கொண்ட ஒரு பவுன் 60,000 ரூபாயைத் தொட்டது எங்கள் மகளின் கல்யாண வாரத்தில்தான். "விரும்பியது" என்ற சொல்லுக்குப் பத்துப் பவுன் என்று பொருள் கொண்டால் ஆறு லட்சம் ரூபாய். மும்பையில் ஒரு செக்யூரிட்டி வேலைக்காரரோ, பட்டறைத் தொழிலாளியோ அதை எங்கே போய்த் தேடுவார்?

1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குகிறவரை மட்டுமல்ல, கொடுக்கிறவரையும் குற்றவாளி என்கிறது. குறைந்தது ஐந்து வருஷச் சிறை, 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். சீதனம் என்று பெயர் மாற்றினால் சட்டத்தின் கண்ணுக்கு மறைந்துவிடாது. பிரசங்க பீடத்தில் இதைச் சொல்லுகிற நாமே சில வீடுகளில் ஆசீர்வாத ஜெபம் செய்துவிட்டு, பக்கத்து அறையில் நடப்பதைக் காணாதவர்போல் வந்துவிடுகிறோம் என்று ஒரு மூத்த ஊழியர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்.

கேட்கப்படாமல், பிரியத்தால் கொடுக்கும் பரிசுகளுக்கு அதே சட்டத்தின்கீழ் 1985-ல் விதிகள் வந்தன. மணமக்களுக்கு வந்த பரிசுகளைப் பட்டியல் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அதைச் செய்தோம். ஒரு பீரோ, ஒரு கட்டில், குக்கர், பாத்திரங்கள், யார் கொடுத்தது, என்ன மதிப்பு என்று எழுதி மகளும் மாப்பிள்ளையும் கையெழுத்திட்டார்கள். பட்டியல் கேட்டதும் பெரிய அத்தை முகம் சுளித்தார்கள். மாப்பிள்ளை தாமே, "அத்தை, இது எனக்கும் நல்லதுதான்" என்று சொன்ன பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. பெண் வீட்டார் சொல்லியிருந்தால் அகங்காரம் என்றிருப்பார்கள். இப்படிப்பட்டவற்றை மணமகனே தன் வீட்டில் பேசட்டும். அவருக்கு அந்தத் தைரியம் உண்டா என்பதை நிச்சயத்துக்கு முன்னே அறிந்துகொள்வது பெண்ணைப் பெற்றவர்களுக்கு நல்லது.

இனி தாலி.

சம்பந்தியம்மாள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: மேடையில் தாலி கட்ட வேண்டும். எங்கள் சபையில் விவாக ஆராதனையில் தாலியும் இல்லை, மோதிரமும் இல்லை, வேதாகமத்தை மாற்றிக்கொள்வார்கள். மாப்பிள்ளையும் அதையே விரும்பினார். இதன் நிமித்தம் தாயும் மகனும் ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டு வாரம் பேசவில்லை. அவர்கள் வீட்டாருக்கு வசனம் உண்டு: ஆதியாகமம் 24-ல் ரெபெக்காளுக்கு அரைச் சேக்கல் எடைப் பொன்னணியும், பத்துச் சேக்கல் எடையில் இரண்டு கடகங்களும் கொடுக்கப்படவில்லையா? நம்மவருக்கும் வசனம் உண்டு: 1 பேதுரு 3, 1 தீமோத்தேயு 2. இந்த வசனங்களை வைத்துக்கொண்டு விடியும்வரை வாதிக்கலாம், வாதித்தும் இருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பலர் கேட்கிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் தாலியையும் கேட்கவில்லை, மோதிரத்தையும் கேட்கவில்லை. மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; இருவரில் ஒருவருக்கும் உயிரோடிருக்கும் துணை இருக்கக் கூடாது; உரிமம் பெற்றவருக்கும், அவரைத் தவிர நம்பத்தக்க இரண்டு சாட்சிகளுக்கும் முன்பாக ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுகிறதாக வாய்திறந்து சொல்ல வேண்டும். நேரம் காலை ஆறு முதல் மாலை ஏழு வரை. (மாலை வரவேற்போடு சேர்த்து எட்டு மணிக்கு ஆராதனை வைக்க விரும்புகிற வாலிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) ஆகவே சட்டத்தைக் காட்டி, "தாலி தேவையில்லை" என்று சம்பந்தியம்மாளிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் சட்டம் கேட்டு அழவில்லையே.

ஒரு சாயங்காலம் நானும் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். நான் ஒன்றும் பேசவில்லை. என் மனைவிதான், "அக்கா, அந்தத் தாலியை வாங்கி வச்சிருக்கீங்களாமே, பார்க்கலாமா?" என்று கேட்டாள். அவர்கள் ஒரு சிறு டப்பாவைத் திறந்தார்கள். சிலுவையும் திறந்த வேதாகமமும் பதித்த சின்னத் தாலி.

1993 ஜனவரியில், மும்பைக் கலவர நாட்களில், அவர்கள் கணவர் வேலை செய்த தாராவி தோல் பட்டறை மூடிக் கிடந்தது. ஊருக்கு ஓடிப்போக ரயிலுக்கும் பணமில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட நிறையாத அந்தத் தங்கை, தன் தாலியைச் சேட்டு கடையில் அடகு வைத்து அரிசி வாங்கினார்கள். அதை மீட்டது 1998-ல். அந்த ஐந்து வருஷமும் மஞ்சள் கயிறு மாத்திரம். கோயிலில் பெண்கள் தன் கழுத்தைப் பார்ப்பார்கள் என்று கடைசி பெஞ்சில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருவார்களாம். மீட்ட அன்றே தீர்மானித்தார்கள், தன் மகனைக் கட்டுகிற பெண்ணுக்கு இந்த நிலை வரக்கூடாது என்று. காலையில் இட்லி விற்ற காசில் வருஷக்கணக்காய்ச் சேர்த்து வாங்கியது இந்தத் தாலி.

என் மனைவி சற்றுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். ஞானஸ்நானம் எடுத்தபோது நகைகளைக் கழற்றியவள் அவள். எங்கள் கல்யாணத்தில் தாலி இல்லை. நான் ஊழியத்துக்கு வந்த முதல் வருஷங்களில், கைக்குழந்தையோடு தனியாக லோக்கல் ரயிலில் போகும்போது, "புருஷன் இல்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவள் தகப்பனார் வீட்டு விசேஷங்களில் ஓரமாய் உட்காரச் சொன்னவர்கள் உண்டு. கர்த்தருக்காக என்று அதையெல்லாம் சந்தோஷமாய்ச் சகித்தாள். இதை அவள் எனக்குமே முழுவதும் சொல்லியிருந்ததில்லை.

வெறுங்கழுத்தோடு இந்த நகரத்தில் நடந்த இரண்டு பெண்கள். ஒருத்திக்கு அது வறுமை, மற்றவளுக்கு அது விசுவாசம். அவர்கள் இருவருக்கும் நடுவே எந்த வசனத்தை எடுத்து வைப்பேன்? எழுந்து வெளியே வந்து நின்றுகொண்டேன். உள்ளே அழுகை கேட்டது. பிறகு தேநீர் டம்ளர்களின் சத்தம் கேட்டது.

தீர்மானித்தவள் என் மகள். மேடையில் தாலி வேண்டாம், அது என் மனச்சாட்சி என்றாள். ஆனால் அத்தை வாங்கியதை வேண்டாமென்று சொல்லமாட்டேன், கல்யாணத்தன்று சாயங்காலம் வீட்டில் வைத்து அவர்கள் கையால் கொடுக்கட்டும் என்றாள். சம்பந்தியம்மாளுக்கு இது முழுத்திருப்தி அல்ல. மேடையில் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஆசைதானே. ஆயினும் சம்மதித்தார்கள். அவ்விதமே நடந்தது. உரிமம் பெற்ற நண்பரான ஒரு போதகர் ஆராதனையை நடத்தினார். சம்பந்தி வீட்டாரின் ஆலயத்துப் போதகரும் மேடையில் அமர்ந்து ஆசீர்வதித்தார். சாயங்காலம் வீட்டில் அந்த டப்பா கைமாறியது.

எங்கள் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு விருந்துக்கு வரவில்லை. "போதகர் வீட்டிலேயே பொன் நுழைந்துவிட்டது" என்று சிலரிடம் சொன்னதாக அறிந்தேன். நான் அவரைப் போய்ச் சந்தித்தேன், ஜெபித்தோம். அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் என் மகளைக் குற்றப்படுத்தவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார், கை குலுக்குகிறோம். முன்போல வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பதில்லை. "மகள் அதை அணிகிறாளா?" என்று இன்றும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அது அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. புருஷனும் மனைவியும் தகப்பன் வீட்டை விட்டுத் தனி வீடானபின், அந்த அலமாரியைத் திறந்து பார்க்க எனக்கு அதிகாரமில்லை.

தாயாரின் காரியத்துக்கு வருகிறேன். கல்யாணம் மும்பையில்தான் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நான் ஒரு வாக்குக் கொடுத்த பிறகு. ஊரிலிருந்து இருபத்துமூன்று பேர் திருநெல்வேலியிலிருந்து தாதர் வரும் ரயிலில் வந்தார்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், பதிவு திறக்கிற காலையில் நான்கு வாலிபர்கள் நான்கு செல்போன்களோடு உட்கார்ந்தார்கள். ஊரிலிருந்து பெரிய கூட்டத்தை அழைக்கிறவர்கள் இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தாயாருக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்தது கர்த்தருடைய கிருபை.

மே மாதம் மணமக்களை அழைத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனோம். வாக்குக் கொடுத்தது அதுதான். மண்டபமில்லை, பிரியாணியில்லை. வீட்டு வாசலில் ஒரு சிறு பந்தல், அரைமணி நேர ஜெபம், முறுக்கு, கருப்பட்டிக் காப்பி. அழைப்பு மாத்திரம் தாயாரே வீடு வீடாய்ப் போய்ச் சொன்னார்கள், அந்த நோட்டைப் பார்த்து, ஒரு வீட்டையும் விடாமல்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஆரம்பித்து இருட்டும்வரை வந்துகொண்டே இருந்தார்கள். பெரியப்பா மகன்தான் மேஜை போட்டு உட்கார்ந்து மொய் எழுதினார். அவரும் என்னோடு ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பல வருஷமாயிருந்தது. தாயார் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, இடம் காட்டி, பேத்தியை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகம் செய்தார்கள். இரவு எல்லாரும் போன பிறகு மகளை அருகில் உட்காரவைத்து நோட்டைப் புரட்டி, வந்தவர்களின் பெயருக்கு நேரே கோடு போடச் சொன்னார்கள். பதினொரு பெயர் மீதியிருந்தது. அவர்களில் நான்கு பேர் இறந்துபோனவர்கள். மற்ற ஏழு பேரை என் மகனுடைய கல்யாணத்துக்குப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, நோட்டைத் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்தார்கள். மகனுக்கு இன்னும் பெண் பார்க்கத் தொடங்கவில்லை.